டிரைவரம்மாவின் மூன்று லாவண்டர் செடிகள்

டிரைவரம்மாவுக்குச் செடி வளர்க்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கதையில் குறுக்கே வந்து, 'ஐயோ, லாவண்டருக்கு இப்படியா செய்வார்கள்?' என்று யாரும் சண்டைக்கு நிற்க வேண்டாம். அவளுக்குத் தெரிந்தது பஸ். சில வருடங்கள் கண்டக்டராக நின்றே கால் வீங்கி, பிறகு டிப்போவுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் ஓய்வு நேரத்தில் ஓட்டிப் பழகி, தேர்வுக்குப் போனாள். தேர்வு வைத்தவர் வேண்டுமென்றே காட்டிய குறுகிய சந்துக்குள் வண்டியைப் பின்பக்கமாகவே நுழைத்துக் காட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் நாள், பஸ் கிளம்பிய முதல் நடையில் ஒரு பெரிய மனிதர் படியேறினார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். "பொம்பளையா ஓட்டுது? நான் அடுத்த வண்டியில வந்துக்கறேன்" என்று திரும்பினார்.

"அடுத்த வண்டியும் நான்தான் சார். இதைக் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் வரணும். நேரமாகும், நின்னுக்கிட்டே இருங்க" என்றாள் அவள்.

பஸ்ஸே சிரித்தது. பெரிய மனிதர் உட்கார இடம் தேட ஆரம்பித்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் டிரைவரம்மா. வீட்டுக்கு வருகிற பால்காரர் முதல் டிப்போ மேனேஜர் வரை வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் இல்லை.

வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர். கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடைத்தெருவில் ஒரு ஆள் உட்கார்ந்தால் நிரம்பிவிடுகிற கடை. பரம சாது. எதிரே ஒருவர் இருமினால் தன் நெஞ்சைத் தடவிக்கொள்வார். அவருடைய அக்கா ஒரு மாணவிகள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது விடுதியிலிருந்து மட்டும்தான், அதிகாரத்திலிருந்து இல்லை. யார் எத்தனை மணிக்குக் குளிக்க வேண்டும் என்பது இன்றைக்கும் அவர் சொல்வதுதான். மூன்றாவது ஆள் மகள். மருந்துக்கடையில் வேலை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே எது எந்த மாத்திரைக்கு ஆகாது என்று சொல்லத் தொடங்கிவிடுவாள்.

போன வருடக் கடைசியில், ஒரு மத்தியான நடையில், பாலத்தைத் தாண்டி இறங்கியதும் டிரைவரம்மாவுக்கு இடது கை மரத்துப்போனது. உடம்பெல்லாம் வியர்வை. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டினாள். கை பிரேக்கை இழுத்தாள். இரண்டு கதவையும் திறந்துவிட்டாள். இன்ஜினை அணைத்தாள். அதன்பிறகுதான் கண்டக்டர் பையனைக் கூப்பிட்டாள். அவனை டிப்போவில் விசில் என்பார்கள். "எல்லாரையும் இறக்கிடுடா. எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தாள். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் அதை நீக்கி ஒரு சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். மூன்று மாதம் ஓய்வு, பிறகு ஒரு பரிசோதனை, அதில் தேறினால் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர்.

அவ்வளவு அவஸ்தையிலும் வண்டியை ஒழுங்காக நிறுத்தினாளே, அதைப் பற்றி வீட்டில் ஒருத்தர் வாய் திறந்தார்களா? இல்லை. 'பாலத்து மேல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?' இதுதான் பேச்சு. காலையில் இது, சாயங்காலம் இது. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போனது. போதாததற்கு, அதே கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைத் தரையில் விடவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால், "வை, வை!" என்று மூன்று பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். உப்பில்லாத சாப்பாடு, அதுவும் நாத்தனார் கண்ணெதிரே. மத்தியானம் ஒரு மணி நேரம் கட்டாயத் தூக்கம். கணவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்று அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார். மகள் நாடி பிடித்துப் பார்ப்பாள். எல்லாம் பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அத்தனை பேருந்துகள் நடுவே ஹாரன் அடித்து வழி வாங்கியவளுக்கு, சொந்த வீட்டுச் சமையலறைக்குப் போக வழி கிடைக்கவில்லை. அவளுக்கு அழுகை வரும். அழுதால் நெஞ்சுக்கு ஆகாது என்பார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அதற்குள் பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பியது. "வேலைய விட்டுடும்மா. இருக்கறது போதும்" என்றாள் மகள். "டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். வீட்ல இருக்கறது நாமதானே" என்றார் நாத்தனார். கணவர் எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் சொல்லாததுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அது ஒன்றுதான் அவளுக்கு விடுதலை. நடக்கிற வழியில், இரண்டு தெரு தள்ளி ஒரு நர்சரி இருந்தது. எல்லாச் செடியும் பச்சை வலைக்குக் கீழே, நிழலில், தூறல் குழாயில் நனைந்துகொண்டு சொகுசாக இருந்தன. ஒரு மூலையில் மட்டும், ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் சாம்பல் பச்சை நிறத்தில் சில செடிகள். இலைகளெல்லாம் ஊசி போல ஒல்லியாக, யாரும் சீந்தாமல் நின்றன. ஒன்றைத் தொட்டாள். விரலில் வாசனை ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்குக்குள் காற்றடித்த மாதிரி இருந்தது.

"இது என்ன பாவம் பண்ணுச்சு? இத மட்டும் வெயில்ல வச்சிருக்கீங்க?" என்று நர்சரிக்காரரைக் கேட்டாள்.

"லாவண்டரும்மா. நிழல் ஆகாது. நல்ல மண்ணு ஆகாது. தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா அழுகிடும். மணலும் கல்லுமா போட்டு, வெயில்ல விட்டுட்டு, உங்க வேலையப் பார்க்கப் போயிடணும். ரொம்பக் கவனிச்சா செத்துடும்."

டிரைவரம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. சிரிப்பு அடங்காமல் நர்சரிக்காரர் பயந்து நாற்காலியை எடுத்துப் போட்டார். "மூணு கொடுங்க" என்றாள்.

மூன்று செடியையும் பையில் போட்டு அவளே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் பிரளயம்தான். பையை மகள் பிடுங்கினாள். நாத்தனார் நாற்காலியை இழுத்தார். கணவர் தன் நெஞ்சைத் தடவினார்.

"உனக்கெதுக்கும்மா இந்த வேலை?" என்றார் நாத்தனார். "போன தடவை ஒரு கள்ளிச்செடி வாங்கிட்டு வந்தே. கள்ளி! அதுவே உன் கையில பட்டுப்போச்சு. ஒரு கள்ளியக் காப்பாத்தத் தெரியல, அறுபது பேர ஏத்திக்கிட்டு பாலத்து மேல போகணுமாம்."

மகள்கூட, "அத்தை..." என்று இழுத்தாள். டிரைவரம்மாவுக்குக் கோபம் மூக்கு மேல் என்பது டிப்போ அறிந்தது. அன்றைக்கு அது மூக்கையும் தாண்டியது.

"இந்த மூணுல ஒண்ணையாவது பூக்க வைக்கிறேன் அண்ணி. என் லீவு முடியறதுக்குள்ள பூக்கும். பூத்துச்சுன்னா நான் வேலைக்குப் போவேன், ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

"பூக்கலேன்னா?" என்றார் நாத்தனார். விடுதியில் எத்தனை பெண்களை இப்படி மடக்கியிருப்பார்!

"பூக்கலேன்னா வேலைய எழுதிக் கொடுத்துட்டு, நீங்க சொல்ற நேரத்துக்குக் குளிச்சுட்டு, இங்கேயே உக்காந்துடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இருபத்தைந்து வருட வேலையைக் கொண்டுபோய் மூன்று செடியின் தலையில் கட்டிவிட்டாளே! நாத்தனார் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி. இனிப் பின்வாங்கினால் மானம் போகும்.

வாசல் கதவுக்கும் வெளிகேட்டுக்கும் நடுவே, வெயில் நேராக விழுகிற துண்டு நிலம் இருந்தது. களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கிற மண். அதைத் தோண்டி எடுத்துவிட்டு மணலும் உடைத்த செங்கல்லும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து போட வேண்டும் என்றாள். அவளைக் குனிய விடவில்லை. கணவர் தோண்டினார். கடிகாரத்துக்குள் முள்ளைப் பொருத்துகிற கை, கடப்பாறை பிடித்ததில் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போட்டாள்.

"செடிக்கு மண்ணு போடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். கல்லு போடறத இப்பத்தான் பார்க்கறேன்" என்று நாத்தனார் உச்சுக் கொட்டினார்.

"தண்ணி யாரும் ஊத்தக்கூடாது. நானே பார்த்துக்கறேன். இதுக்குத் தண்ணிதான் எமன்" என்று மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"தண்ணி இல்லாம எந்தச் செடிம்மா வளரும்? அந்த நர்சரி ஆள் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்" என்றாள் மகள். ஆனாலும் தலையாட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

டிரைவரம்மா இன்ஜினில் ஆயில் பார்க்கிற மாதிரியே செடிக்கும் பார்த்தாள். ஒரு மெல்லிய குச்சியைச் செடிப் பக்கத்தில் ஆழமாகக் குத்தி, எடுத்து, ஒரு துணியில் துடைத்து, மறுபடி குத்தி எடுத்துப் பார்ப்பாள். குச்சி உலர்ந்து வந்தால் தண்ணீர். ஈரம் ஒட்டியிருந்தால் கிடையாது. முதல் வாரம் சரியாக இருந்தது. புதிதாகத் துளிர்கூட விட்டது. அவள் விசிலுக்கு போன் போட்டு, "டேய், என் வண்டிய வேற எவனுக்கும் பழக்கிடாதே. வந்துடறேன்" என்றாள்.

அதற்கப்புறம் குச்சி ஈரமாகவே வந்தது. ஒரு நாள் கழித்துப் பார்த்தாலும் ஈரம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் சேறு. மழை இல்லை. அவளும் ஊற்றவில்லை. முதல் செடியின் அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தன. இரண்டாவது செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒழுகல்தான் என்று முடிவு செய்தாள். பஸ்ஸில் ஒழுகலைத் தேடியவள் ஆயிற்றே! வெளிக் குழாயைப் பார்த்தாள், மேல் தொட்டிக் குழாயைத் தடவினாள், பக்கத்து வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இங்கே வருகிறதா என்று போய்ச் சண்டை போட்டுவிட்டும் வந்தாள். பாவம், அந்த வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு மத்தியானம், கட்டாயத் தூக்க நேரத்தில், தூக்கம் வராமல் எழுந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். வெளியே வெயில் பட்டையைக் கிளப்பியது.

முதலில் நாத்தனார் வந்தார். சமையலறைப் பாத்திரத்தில் காய் கழுவிய தண்ணீர். இரண்டு பக்கமும் பார்த்தார். விடுதியில் திருட்டுத்தனம் செய்கிற பெண்களை எத்தனை முறை பிடித்திருப்பாரோ, அவர்களை மாதிரியே பார்த்தார். மூன்று செடிக்கும் பங்கு வைத்து ஊற்றினார். "குடி, குடி" என்று ஒன்றிடம் சொல்லவும் சொன்னார்.

அவர் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் கேட் சத்தம். கணவர். கடையைப் பூட்டிவிட்டு, மூச்சு பார்க்க வந்தவர். கையில் குடிக்கிற தண்ணீர்ப் பாட்டில். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் நிதானமாக ஊற்றினார். பாட்டிலைத் தட்டி மிச்சச் சொட்டையும் விட்டார்.

டிரைவரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 'இவருமா?' என்றது மனசு.

அவர் திரும்பும்போதே மகள் வந்துவிட்டாள். மருந்துக்கடைச் சாப்பாட்டு இடைவேளை. அவள் கையில் உரத்தைக் கரைத்த தண்ணீர், அளவுக் கோடு போட்ட குடுவையில். அப்பாவும் மகளும் செடிக்கு முன்னால் நேருக்கு நேர். அவர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவள் குடுவையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

"நல்லா இருக்கு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "ரொம்ப நல்லா இருக்கு! அண்ணி, நீங்களும் வெளிய வாங்க! உங்க பங்கு முதல்லயே ஊத்தியாச்சுன்னு எனக்குத் தெரியும்!"

மூன்று பேரையும் செடி முன்னால் வரிசையாக நிறுத்தினாள். நெஞ்சு பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை, அவளுடைய முகம் அப்படி இருந்தது. குச்சியைக் குத்தி எடுத்து நீட்டினாள். கருத்த சேறு ஒழுகியது.

"நான் வேலைக்குப் போகக்கூடாதுன்னு கொன்னீங்களா?"

"ஐயையோ!" என்று பதறினாள் மகள். "நான் ஒருத்திதான் ஊத்தறேன்னு நினைச்சேம்மா. நீ பிடிவாதத்துல தண்ணியே காட்டலேன்னு. செடி வாடுதே, நீ தோத்துடுவியேன்னு..."

"நானும் அப்படித்தான்" என்றார் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. "நீ தோக்கணும்னு நான் நினைச்சது நிஜம். ஆனா தினமும் நீ குச்சியும் கையுமா வந்து உக்காந்து பார்க்கறே பாரு, அதப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல."

கணவர்தான் கடைசி. "தோண்டும்போதே அடியில கொஞ்சம் எரு போட்டேன்" என்றார். கேட்காததையும் ஒப்புக்கொள்கிற மனிதர்.

"பூத்தா நான் வேலைக்குப் போயிடுவேன். அது தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதுவும் எனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு ஊத்துனீங்க?"

"உன் முகம் வாடறத என்னால பார்க்க முடியாது" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவள் அப்படியே செடியைச் சுற்றியிருந்த செங்கல் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். நெஞ்சுக்கு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க மூணு பேரும் எனக்குப் பண்றதத்தான் இதுக்கும் பண்ணியிருக்கீங்க. ஒவ்வொருத்தரும் கொஞ்சம்தான் ஊத்தியிருக்கீங்க. வேர் அழுகிப்போச்சு. எனக்கும் இப்படித்தான் மூச்சு முட்டுது. இனிமே என் தட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன். என் நாடிய நான் பிடிச்சுக்கறேன்."

முதல் இரண்டு செடியும் அந்த வாரமே போய்விட்டன. மூன்றாவதை அவளே தோண்டி எடுத்தாள், யாரையும் கிட்டே விடவில்லை. வேரில் பாதி கருத்து, கொழகொழவென்று கெட்ட வாடை அடித்தது. கருத்ததையெல்லாம் கத்தரித்தாள். மேல் கிளைகளையும் பாதிக்குப் பாதி வெட்டினாள். எருவை வழித்து வெளியே போட்டுவிட்டு வெறும் மணலும் கல்லுமாக நிரப்பி, மேட்டில் நட்டாள். நாத்தனார் உள்ளே நின்று பார்த்தார். சமையலறையில் காய் கழுவிய தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் சுற்றினார்.

செடி பிழைத்தது. பிழைத்ததோடு இல்லை, நடு நாயகமாக ஒரு தண்டு கிளம்பி, அதன் நுனியில் கம்பு மணி போலச் சாம்பல் நிற மொட்டுகள் கட்டின. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் நான்கு பேரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். மொட்டில் ஊதா தெரிகிறதா என்று கணவர் கடிகாரம் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். "கொஞ்சம் நீலம் மாதிரி தெரியுது" என்றார். "மாதிரி எல்லாம் கணக்கில் வராது" என்றார் நாத்தனார். ஆனால் அவரும் குனிந்து பார்த்தார்.

இதற்கிடையே பரிசோதனை வந்தது. உடம்பெல்லாம் வயரை ஒட்டி, ஓடும் பட்டை மேல் அவளை நடக்கவிட்டார்கள். வேகத்தைக் கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். அவள் விடவில்லை. "போதும்மா, இறங்குங்க" என்று அவர்கள்தான் சொன்னார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, பஸ் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். டிப்போ மருத்துவரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் செடி தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

தண்டு வளைந்து மொட்டு மணலைத் தொட்டது. அழுகல் உள்ளே இன்னும் மிச்சமிருந்ததோ, அவள் அதிகமாக வெட்டிவிட்டாளோ, யாருக்குத் தெரியும்? பார்ப்பதற்கு மட்டும் தாகத்தில் வாடிய மாதிரியே இருந்தது. அதுதான் கொடுமை.

"ஒரு டம்ளர். ஒரே ஒரு டம்ளர் ஊத்தும்மா" என்று கெஞ்சினார் நாத்தனார். இந்த மனுஷி கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

"வேர் இல்லாம எதால அண்ணி குடிக்கும்? ஊத்தக்கூடாது."

"அப்படியே சாகட்டும்கறியா?"

"அதுவா பிழைச்சா பிழைக்கட்டும்."

அது பிழைக்கவில்லை. லீவு முடிகிற நாளுக்கு முன்னமே இலைகள் மொறமொறவென்று காய்ந்து, மொட்டு பூக்காமலே கருகிப்போனது. தண்ணீர் இல்லாமல் செத்தது என்று நாத்தனார் சொன்னார். தண்ணீரால் செத்தது என்று டிரைவரம்மா சொன்னாள். அந்த வழக்கு அந்த வீட்டில் இன்றுவரை தீரவில்லை.

லீவு முடிந்த மறுநாள் விடியற்காலை டிரைவரம்மா குளித்து, சீருடை போட்டு, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வெளியே வந்தாள். சட்டை கொஞ்சம் தொளதொளத்தது. உப்பில்லாத சாப்பாட்டின் கைங்கரியம். வாசல் அறையில் நாத்தனார் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே? பந்தயம் என்னாச்சு?"

"தோத்துட்டேன்."

"அப்போ?"

"அப்போ என்ன? தோத்துட்டேன், வேலைக்குப் போறேன்."

"வாக்குக் கொடுத்தியே! என் முகத்தப் பார்த்துக் கொடுத்தே!"

"கொடுத்தேன். கோபத்துல கொடுத்தேன். அதக் காப்பாத்தப் போறதில்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "வாக்குத் தவறுனவன்னு தெருப் பூரா சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. நானே ஆமான்னு சொல்றேன். என் பொழைப்ப ஒரு செடி மேல வச்சது என் முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்துக்காக இன்னொரு முட்டாள்தனம் பண்ணமாட்டேன். செடி செத்துப்போச்சு அண்ணி. நான் சாகல."

நாத்தனார் அவளையே பார்த்தார். வாய் கோணியது. அழப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று மகளுக்குப் பயம். அவர் இரண்டும் செய்யவில்லை. எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். "திமிரு" என்றார். "உடம்பெல்லாம் திமிரு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிகேட்டில் கணவர் நின்றார். ஒரு கை தாழ்ப்பாள் மேல். அவளைத் தடுக்கிறாரா, அவளுக்காகத் திறக்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு."

இல்லை என்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பதிலைக் கேட்டு முகம் வெளுத்தது.

"பாலத்து மேல ஏறும்போது இன்னும் அதிகமாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "பாலத்து மேல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்க கேட்டீங்களே, அதே கேள்விதான் எனக்கும். தினமும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. முதல் நாள்லேர்ந்தே நான் பயத்தோடதாங்க ஓட்டறேன். முதுகுக்குப் பின்னால அத்தனை உயிர் உக்காந்திருக்கு. பயமில்லாதவ எவளாவது அந்த ஸ்டியரிங்கத் தொடலாமா? நான் வீட்ல உக்காந்தா உங்க பயம் போயிடும். என் பயத்தை வச்சுக்கிட்டு இந்த வீட்ல நான் என்ன பண்ண?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாழ்ப்பாளை நீக்கினார். கடிகாரக்காரர் அல்லவா, பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இன்னும் நேரமிருக்கு" என்றார். "மெதுவாவே நடந்து போ."

"வேகமாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகவே நடந்தாள்.